மாதக் கடைசி

இருபத்தேழாம் தேதி.
டீசலில் மிச்சம் பதினொரு லிட்டர்.
ஜீப் லிட்டருக்கு எட்டு ஓடும் என்கிறது கோப்பு.
ஆறுதான் என்கிறான் மயில்சாமி,
அதுவும் மேடு ஏறாமல் இருந்தால்.
"மாசத்துக்கு முப்பத்தொரு நாள்னு
எவனுங்கக்கா கண்டுபிடிச்சான்?"

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
அனுமதித்த பலம் முப்பத்தாறு,
வருகைப் பதிவேட்டில் இருபத்திமூன்று.
அதில் நவநீதாவுக்குப் பிரசவம்,
இருவர் கோர்ட்டு,
மாவட்ட ஆபீசுக்குத் 'தற்காலிகமாக'ப் போன செந்தாமரைக்கண்ணன்
போய் மூன்று தீபாவளி ஆயிற்று.
அவன் தொப்பி மட்டும்
இங்கே ஆணியில் பணி செய்கிறது.
ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது நாலு பேர், இரண்டு டார்ச்.
ஒன்று தட்டினால்தான் எரியும்.

நாற்பத்தொரு தோட்டத்து வீடுகள்.
கிளுவை வேலி தாண்டி, தென்னை தாண்டி,
இரண்டு வயசாளிகளும் ஒரு நாயும் மட்டும் இருக்கிற வீடுகள்.
ஒவ்வொரு கதவோரமும் தொங்குகிறது
எங்கள் கையெழுத்துக்கு ஒரு பட்டா புத்தகம்.
சுற்றி வர ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.
பதினொன்றை ஆறால் பெருக்கிப் பார்த்தேன்.
திரும்பவும் பெருக்கிப் பார்த்தேன்.

போன மாதம் எண்ணெய் மில்லுக்காரர் வந்திருந்தார்.
சட்டையில் தேங்காய்ப் பருப்பு காய்கிற வாசம்.
ரோட்டுத் தடுப்பு எட்டும் அவர் செலவுதான்:
'காவல்துறை' ஓர் அங்குலம் கறுப்பில்,
அவர் எண்ணெயின் பெயர் அரையடிச் சிவப்பில்.
"டீசலும் நம்ம பங்க்குலயே போட்டுக்கட்டுமுங்க சார்.
நிக்கிற வண்டியால யாருக்குப் புண்ணியம்?"
இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
சித்த யோசிச்சுச் சொல்றமுங்க, என்றார்.

இருபத்தைந்தாம் தேதி விடியக்காலம்
கரூர் ரோட்டில் அவர் டேங்கர்
அவர் தடுப்பை இடித்தது.
தடுப்பு கிட்டுசாமியை இடித்தது.
ஊர்க்காவல் படை. பகலில் தறி ஓட்டுகிறவன். இடுப்பெலும்பு.
ஒளிரும் கோட்டு போட்டிருக்கவில்லை.
இருந்த ஆறும் கந்தலாகி,
புதுசுக்கு நான் எழுதிய இண்டென்ட்
'நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்' என்று
என் மேஜைக்கே வந்திருந்தது மார்ச்சில்.
அவனை அங்கே நிறுத்தியதும்
என் கையெழுத்துத்தான்.

முதல் தகவல் அறிக்கை எழுதினேன்.
வண்டி உரிமையாளர் கட்டத்தில் அவர் பெயர்.
கைப்பற்றிய சொத்து: வளைந்த இரும்புத் தடுப்பு ஒன்று.
சாக்குச் சுற்றி அரக்கு வைத்த பிறகும்
சிவப்பில் ஒரு வார்த்தை வெளியே தெரிந்தது:
'சுத்தமானது'.

இன்று மத்தியானம் போன்.
கேஸைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.
"அந்த டீசல் சமாச்சாரம் யோசிச்சீங்களா, ரைட்டரம்மா?"
நாற்பத்தொரு கதவும் என் பக்கத்தில் நின்று
ஒட்டுக் கேட்டன.
வேண்டாமுங்க, என்றேன்.
சொன்ன பிறகுதான்
இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.
அவர் ரொம்ப நேரம் டீயை ஆற்றினார்.

முப்பதாம் தேதி அமாவாசை.
ஜீப்பை அந்த ராத்திரிக்கு எடுத்து வைத்தேன்.
அதுவரை இட்டேரிக்குள் போகிற ஒன்பது வீட்டுக்கு
மயில்சாமியின் சொந்த பைக்.
தெக்கால பதினேழுக்கு என் ஸ்கூட்டி,
புதுசாக வந்த கோகுலவாசன் ஓட்டட்டும்.
அதற்குப் படி கிடையாது, விதி எண்ணோடு எனக்குத் தெரியும்.
புது இண்டென்ட்டில்
கிட்டுசாமியின் காயச் சான்றிதழை வைத்துத் தைத்தேன்,
அதையும் பரிசீலிக்கட்டும்.

மிச்சம் பதினைந்து வீட்டுக்கு நான் போன் போடுகிறேன்.
பத்தே முக்கால். முதல் வீடு.
"ஸ்டேஷன்ல இருந்துங்க. தூங்கிட்டீங்களா?"
"தூங்குனவள எழுப்பித் தூங்கிட்டியான்னு கேக்கறயே கண்ணு."
நாய் குரைத்தது.
நாய் ஓய்கிற வரை போனை வைக்கவில்லை.
பின்னால் வேறு சத்தம் எதுவும் இல்லை.
'சரி' என்று எழுதினேன்.
பதினான்கு பாக்கி.